ஃபிரேமுக்குள் அடங்காத எட்டுப் பெயர்கள்

1. மேடை

எங்கள் கல்லூரியின் பவள விழா மேடையில் ஒரு திருட்டு நடந்தது. அரங்கம் நிறைந்த கூட்டம் அதற்குக் கை தட்டியது.

நான் அந்தக் கல்லூரியின் நூலகர். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிறப்பு விருந்தினர் ஒரு மில் அதிபர். அவருடைய தகப்பனார் முப்பதுகளில் எங்கள் கல்லூரியில் படித்தவர். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், சந்தன மாலை போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். முதல்வர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “ஐயாவுக்கு இதுவரைக்கும் யாருமே கொடுக்காத ஒரு நினைவுப் பரிசை நாம கொடுக்கப் போறோம்” என்றார். ஜிகினாத் தாள் சுற்றிய ஃபிரேம் ஒன்று வந்தது. தாளைக் கிழித்ததும் உள்ளே பழுப்பேறிய ஒரு கடிதம் தெரிந்தது.

அது என் நூலகத்துக் கடிதம். நகல் இல்லை, அசல். என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தது.

“நம்ம ஹாஸ்டல்ல சாதிக்கொரு பந்தி இருந்த காலம். எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும்னு அன்னைக்கே வார்டனுக்குத் தைரியமாக் கடிதம் எழுதினவர் யார் தெரியுமா? நம்ம ஐயாவோட தகப்பனார்!” என்று முதல்வர் முழங்கினார். விருந்தினர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் பக்கத்து நாற்காலியில் கமலாபாய் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் கடிதத்தைக் கல்லூரிக்குக் கொடுத்தவர் அவர்தான். கடிதத்தை எழுதியது அவருடைய அப்பா. விழாக் கண்காட்சியில் வைப்பார்கள், வந்து பாருங்கள் என்று நான்தான் அழைத்திருந்தேன். அறுபதைத் தாண்டிய அந்த அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மகாலுக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார். என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, எங்க அப்பா பேரை விட்டுட்டாகளே. அப்புறமாச் சொல்வாகளோ?”

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அன்றைக்குக் காது கொதித்தது.

2. தகரப் பெட்டியில் இருந்தது

அந்தக் கடிதம் எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் என் கோபத்தின் நியாயம் விளங்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்லூரியின் பழைய மலர்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். மலர் என்றால் ஆண்டுதோறும் கல்லூரி போடுகிற மேகசின். ஒவ்வொரு முதல்வரும் பதவிக்கு வந்ததும் நூலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: “இந்தக் குப்பையெல்லாம் எதுக்கும்மா அடைச்சுக்கிட்டு?” மேகசின்களுக்கு அக்சஷன் நம்பர் கிடையாது. அதாவது பதிவேட்டில் வரிசை எண் கொடுத்து ஏற்றியிருக்க மாட்டார்கள். எண் இல்லாத பொருள் ஸ்டாக் வெரிஃபிகேஷனில் காணாமல் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. நாற்பதுகளின் மலர்கள் ஒரு கட்டு, எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலேயே பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. கைடு புத்தகத்துக்கு எண் உண்டு, கல்லூரியின் சொந்தச் சரித்திரத்துக்கு எண் கிடையாது. இந்த லட்சணத்தில்தான் நாங்கள் பாரம்பரியம் மிக்க கல்லூரி என்று லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக்கொண்டோம்.

மிச்சம் இருந்ததற்காவது எண் போட வேண்டும் என்று கிளம்பினேன். அலுவலகக் கண்காணிப்பாளர், “விலை என்ன மேடம்? விலை இல்லாத பொருளை ரிஜிஸ்டர்ல எப்படி ஏத்துறது?” என்று கேட்டார். “அன்பளிப்புன்னு போடுங்க சார்” என்றேன். “யாரு அன்பளிச்சா? காலேஜே காலேஜுக்கு அன்பளிப்புக் கொடுக்குமா?” என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். இரண்டு பருவம் சண்டை போட்டுத்தான் ஏற்றினேன்.

விட்டுப்போன மலர்கள் பழைய மாணவர்களின் வீட்டில் இருக்கக்கூடும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போஸ்ட் கார்டு எழுதினேன். அப்படித்தான் கமலாபாய் அம்மா வந்தார். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சௌராஷ்டிரக் குடும்பம். கூட வந்த மகனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் தமிழுக்கு மாறினார்.

“எங்க அப்பா இந்தக் காலேஜுலதான் படிச்சாரு. முடிக்கல. இது ஒண்ணுதான் பத்திரமா வச்சிருந்தாரு. சாயம் போட்ட நூல் சாம்பிளெல்லாம் வச்சிருக்கிற தகரப் பெட்டியில அடியில கெடந்துச்சு.”

ஒரு முழுத்தாள். முத்து முத்தான எழுத்து. விடுதி மாணவர்களைச் சாதி பார்த்துத் தனித்தனிப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள், சிலரைச் சமையல்கட்டுக்குப் பின்னால் உட்கார வைக்கிறார்கள், இனி எல்லாருக்கும் ஒரே பந்தி வேண்டும் என்று வார்டனுக்கு எழுதிய கடிதம். கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது கையெழுத்து. மேல் ஓரத்தில் சிவப்பு மையில் வார்டன் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்: பரிசீலிக்க இயலாது.

எழுதியவர் இந்த அம்மாவின் அப்பா. அவர் கையெழுத்து கடைசியில் இருந்தது. முதல் கையெழுத்து ஒரு பெரிய வீட்டுப் பையனுடையது.

“வசதியான வீட்டுப் பையன் பேரு மொதல்ல இருந்தா வார்டன் மதிச்சுப் படிப்பாருன்னு அவரை மேல போடச் சொன்னாகளாம்” என்று அந்த அம்மா சொன்னார். “எங்க அப்பா முன் பந்தியில உக்காந்து சாப்பிட்ட ஆளுதான். அவருக்கு ஒண்ணும் குறையில்ல. பின்னாடி உக்காந்த பசங்களைப் பாத்துட்டுச் சாப்பாடு எறங்கலைன்னு சொல்வாரு.”

அதன் பிறகு நடந்தது எங்களிடம் இருந்த அந்த ஆண்டு மலரிலேயே அச்சாகியிருந்தது. விடுதிச் செய்திகள் என்ற பகுதியில், டென்னிஸ் கோப்பைச் செய்திக்கும் மின்விளக்குப் போட்ட செய்திக்கும் நடுவில், நாலு வரி. ஒழுங்கீனமாக நடந்த ஒன்பது மாணவர்கள் விடுதியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்ததால் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அந்த ஒருவரின் பெயரையும் பாராட்டிப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்துப் போட்ட பெரிய வீட்டுப் பையன், அதாவது மேடையில் கண்ணைத் துடைத்தவரின் தகப்பனார்.

மற்ற எட்டுப் பேரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. கமலாபாய் அம்மாவின் அப்பா பி.ஏ. முடிக்காமலே சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தார். அவருக்குச் சான்றிதழ் இல்லை, குரூப் போட்டோவில் இடம் இல்லை. அவர் இந்தக் கல்லூரியில் இருந்தார் என்பதற்கும், அங்கே என்ன செய்தார் என்பதற்கும் இந்த ஒரு தாள்தான்.

“இங்க பத்திரமா இருக்கும்மா. நான் பொறுப்பு” என்று சொல்லித்தான் வாங்கினேன். இரண்டு பக்கமும் கைக்காகிதம் வைத்து, பூச்சி வராமல் வசம்புத் துண்டு போட்டு, தனி உறையில் வைத்துப் பூட்டினேன். வருடத்துக்கு ஒரு தடவை, அவருடைய அப்பா இறந்த நாள் வரும்போது, அந்த அம்மா வருவார். எடுத்துக் கொடுப்பேன். தொடமாட்டார். மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டு, “சரிம்மா, வாரேன்” என்று போய்விடுவார்.

3. ஐயாவுக்கு ஒரு அளவு

விழாவுக்கு முந்தைய மூன்று வாரம் நான் வெளியூரில் ரெஃப்ரெஷர் கோர்ஸில் இருந்தேன். திரும்பி வந்ததும் உறை காலியாக இருப்பதைப் பார்த்து உதவியாளர் பாண்டியைக் கேட்டேன். “பிரின்சிபால் வாங்கிட்டுப் போனாரு மேடம். கண்காட்சிக்குன்னாரு. அவரு வந்து சாவியைக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல முடியும்?” என்றான். கண்காட்சிக்குத்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

மேடைக் கூத்து முடிந்ததும் விருந்தினர் சாப்பிடப் போனார். ஃபிரேம் முதல்வர் அறை மேஜையில் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். கடிதம் பாதி ஆள் மாதிரி நின்றது. முதல் கையெழுத்துக்குக் கீழே தாள் முடிந்துவிட்டது. அதற்கடுத்து தங்க நிற அட்டை.

எட்டுக் கையெழுத்தைக் காணோம்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். முதல்வர் வரும் வரை அங்கேயே நின்றேன். வந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்.

“சார், அது நன்கொடையா வந்த கடிதம். கொடுத்தவங்க வெளியில உக்காந்திருக்காங்க. இதைத் தூக்கிக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.”

“மேடம், உங்ககிட்ட ஜெராக்ஸ் இருக்குல்ல? அதுல ஒன்பது பேரும் இருக்காங்கல்ல? அப்புறம் என்ன?”

“அப்ப ஜெராக்ஸை அவருக்குக் கொடுத்திருக்கலாமே சார்.”

அவருக்குச் சுருக்கென்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்களுக்காகத்தாம்மா செஞ்சேன். லைப்ரரிக்காக. மழை பேஞ்சா பக்கெட் வச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ஐயா புது லைப்ரரி கட்டித் தர்றேன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாரு. மூணு மாடி. ஒரு பேப்பர் போனா என்ன, கட்டிடமே வருதே?”

இதைக் கேட்டபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நூலகம் கட்டுவதற்காக நூலகத்தில் இருப்பதை விற்கிறவரை என்னவென்று சொல்வது? புதுக் கட்டிடத்துக்குள் எதைக் கொண்டுபோய் வைப்பது? கைடு புத்தகத்தையா?

“எட்டுப் பேரை ஏன் சார் வெட்டினீங்க?”

“வெட்டலை மேடம். ஃபிரேம் சைஸுக்கு அட்ஜஸ்ட் பண்ணினாங்க.”

மறுநாள் சிம்மக்கல்லில் பஸ் மாறும்போது அந்த ஃபிரேம் கடைக்குப் போனேன். ஃபிரேமின் பின்பக்கம் ஒட்டியிருந்த லேபிளில் கடைப் பெயர் இருந்தது. சாமி படம், கல்யாண போட்டோ, தலைவர்கள் படம் எல்லாம் சுவரில் சாத்தி வைத்திருந்த சின்னக் கடை. கடைக்காரர் ஒரு பாய். வயதானவர். நான் கேட்டதும் அவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது.

“ஆமாங்க மேடம், பழைய பேப்பரு. முழுசாப் போட்டா நல்லா இருக்கும்னு நான் சொன்னேன். அவுக ஆள் அனுப்பிச்சு, மேல உள்ள ஒரு கையெழுத்து மட்டும் தெரிஞ்சாப் போதும், மிச்சம் வேணாம்னாக. ரெண்டு வாட்டிக் கேட்டேன். ஐயாவுக்குக் கொடுக்கிறது, ஐயா சம்பந்தப்பட்டது மட்டும் இருந்தாப் போதும்னு சொல்லிட்டாக.”

அட்ஜஸ்ட்மென்ட் என்றால் இதுதான். மன்னிப்புக் கேட்டு உள்ளே வந்தவரின் பெயர் ஃபிரேமுக்குள். கேட்காமல் வெளியே போன எட்டுப் பேரும் இரண்டாவது தடவையும் வெளியே. முதல் தடவை வார்டன் வெளியேற்றினார். இப்போது முதல்வர். அறுபது வருடத்துக்கும் மேலான இடைவெளியில் எங்கள் கல்லூரி கற்றுக்கொண்டது கத்தரிக்கோல் பிடிக்க மட்டும்தான்.

“வெட்டின துண்டு எங்க பாய்? குப்பைக்குப் போயிருச்சா?” என்று கேட்டேன்.

பாய் முகம் மாறிவிட்டது. “என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீக? பேரு எழுதின காகிதத்தைக் காலடியில போடக் கூடாதுன்னு எங்க அத்தா சொல்லித்தான் தொழிலுக்கு விட்டாரு. சாமி படமா இருந்தாலும் சரி, எந்தப் படமா இருந்தாலும் சரி, ஓரம் நறுக்கினா நறுக்கின துண்டை உள்ளேயே பின்னட்டைக்கு அடியில வச்சு ஆணி அடிச்சிருவோம். இந்தத் துண்டும் அதுக்குள்ளதான் இருக்கு. பசையும் போடல, நாலு மூலையில கிளிப்புத்தான்.”

எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் சந்தோஷப்படவும் முடியவில்லை. எட்டுப் பெயரும் இருக்கின்றன, சரி. எங்கே? மில் அதிபர் வீட்டில், அவருக்கே தெரியாமல், அவருடைய அப்பா பெயருக்குப் பின்னால்.

4. காளவாசல் தாண்டி

கமலாபாய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வெட்டியதைச் சொன்னபோது புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. “நாம போய்க் கேப்போம்மா” என்றார். போன் செய்து நேரம் வாங்கினேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஆண்டு மலரைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். என் திட்டம் எளிமையானது. மனிதர் தகராறு செய்தால் அந்த நாலு வரியை எடுத்து முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

ஆட்டோவில் போகும்போது அந்த அம்மா பையைப் பார்த்துவிட்டார்.

“அதை எடுக்காதம்மா.”

“ஏன்?”

“அவுக அப்பா கையெழுத்துப் போட்டது நெசந்தானே. அன்னைக்கு அந்த வீட்டுப் பையன் அதுல கையெழுத்துப் போட்டதே பெரிய விசயம். பெறகு வீட்டுல என்ன மெரட்டுனாகளோ. எங்க அப்பாவே அவரை ஒரு சொல் சொன்னதில்ல.”

எனக்கு அம்புட்டுப் பெருந்தன்மை கிடையாது என்று வாய்விட்டே சொன்னேன். அந்த அம்மா சிரித்தார்.

வீடு காளவாசலைத் தாண்டி பைபாஸ் ரோட்டில். முன்னறையில் கண்ணாடி அலமாரி நிறைய நினைவுப் பரிசுகள். நடுச்சுவரில், அவருடைய அப்பாவின் மாலை போட்ட படத்துக்குக் கீழே, எங்கள் ஃபிரேம். மில் அதிபர் மரியாதையாகத்தான் பேசினார். காபி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னம்மா இது, மேடையில கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறதுதான் உங்க காலேஜு வழக்கமா?”

“கொடுத்தவருக்கு அது சொந்தம் இல்லைங்க ஐயா. அதோட அது முழுக் கடிதமும் இல்லை. பின்னட்டையைக் கழட்டிப் பாருங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் ஃபிரேமை இறக்கி, சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். அட்டையைத் தூக்கியதும் அந்தத் துண்டு இருந்தது. பாய் மடிக்கக்கூட இல்லை. மில் அதிபர் அதைக் கடிதத்தின் கீழ் ஓரத்தோடு தானே சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்தார்.

“கடைசிப் பேரு எங்க அப்பா” என்றார் கமலாபாய் அம்மா. “எழுத்தைப் பாத்தாலே தெரியும். மேல கடிதம் எழுதின கைதான் அது.”

“அப்ப எழுதினது எங்க ஐயா இல்லையா?”

அவர் மறுபடியும் குனிந்து இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“எங்க ஐயா கடைசி வரைக்கும் சொல்வாரு, ஹாஸ்டல்ல நாங்கதாண்டா ஒரே பந்தி கேட்டோம்னு. சரி, கேட்ட பெறகு என்ன ஆச்சாம்?” என்றவர் என் பையைப் பார்த்தார். நான் ஆட்டோவில் இருந்தே அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். “அதுல என்ன வச்சிருக்கீங்க?”

கமலாபாய் அம்மா தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. ஆனால் மனிதர் நேராகக் கேட்டுவிட்டார். வாசகர் கேட்ட இதழை இல்லை என்று சொல்ல நான் எந்தக் காலத்திலும் பழகவில்லை. மலரை எடுத்து, பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

நாலு வரியைப் படிக்க அவருக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. படித்து முடித்த பிறகும் பக்கத்தை மூடவில்லை. நீட்டி முகத்தில் அறைய வேண்டும் என்று கொண்டுவந்த நான், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அலமாரியில் இருந்த வெள்ளி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. இவர் மேல் இருந்தது முழுதும் முதல்வர் பக்கம் திரும்பியது. இந்த மனிதரை ஆயிரம் பேருக்கு நடுவில் கண் கலங்க வைத்து ஒரு பொய்யைத் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். கடிதத்தை முழுதாகக் காட்டியிருந்தால், ஒன்பதில் ஒருவராக அவருடைய அப்பாவுக்கு உள்ள மரியாதையாவது மிஞ்சியிருக்கும். அதையும் சேர்த்துத்தான் நறுக்கினார்கள்.

“உங்க அப்பா பெறகு என்ன செஞ்சாரு?” என்று அந்த அம்மாவிடம் கேட்டார்.

“சாயப்பட்டறையில இருந்தாருங்க. எங்க அஞ்சு பேரையும் படிக்க வச்சாரு.”

மில் அதிபர் எழுந்தார். மலரை என்னிடம் கொடுத்தார். கடிதத்தையும் துண்டையும் டிரைவரிடம் கொடுத்து ஒரு கவரில் போடச் சொன்னார். ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டார். “எடுத்துட்டுப் போங்க” என்றார். வாசல் வரைக்கும் வந்து கமலாபாய் அம்மாவைக் கும்பிட்டார். என்னைக் கும்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

5. மெமோ

அடுத்த வாரமே மில் மேனேஜரிடமிருந்து போன் வந்ததாம். நூலகக் கட்டிடம் இல்லை என்று. காரணம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வேதியியல் பேராசிரியர் ஒருவர், மழைக்காலத்தில் நூலகப் பக்கம் வரும்போதெல்லாம், “பக்கெட் போதுமா மேடம், இன்னும் ரெண்டு வாங்கிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார். “ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஒரு கட்டிடத்தையே காவு கொடுத்துட்டாங்க” என்று என் காதுபடவே பேசினார்கள். அதில் சரித்திரத் துறைக்காரரும் ஒருவர். அவரைத்தான் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மாணவர்களுக்கு மூல ஆவணம், மூல ஆவணம் என்று போர்டில் எழுதிப் போடுகிறவர், மூல ஆவணத்தைக் கத்தரித்தபோது வாயைத் திறக்கவில்லை. சம்பளத்துக்கும் பாடத்துக்கும் சம்பந்தம் இல்லை போலிருக்கிறது.

கடிதத்தைக் கமலாபாய் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட முடிவு செய்தேன். பத்திரமாக இருக்கும் என்று சொன்ன வாக்கை என் இடம் காப்பாற்றவில்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. அவர் நூலகத்துக்கு வந்து, ஒழுகுகிற கூரையை அண்ணாந்து பார்த்தார். கீழே பக்கெட்டைப் பார்த்தார்.

“வீட்டுல வச்சா எங்க அப்பா மட்டுந்தாம்மா இருப்பாரு. அந்த மத்தப் பசங்க எங்கிட்டுப் போவாக? இங்கயே இருக்கட்டும். ஒன்பது பேரும் ஒண்ணா இருக்கட்டும். அந்த மொதல் பேரையும் சேத்துத்தான் சொல்றேன்.”

துண்டைக் கடிதத்தோடு சேர்த்து, பின்பக்கம், பழைய காகிதம் ஒட்டுவதற்கென்றே வரும் மெல்லிய ஜப்பான் தாள் கொடுத்து, மைதாப் பசையில் நானே ஒட்டினேன். வெட்டு விழுந்த இடம் தெரியும். தெரியட்டும் என்றுதான் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. இனி யார் சாவி கேட்டாலும் நான் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று பாண்டியிடம் எழுத்து மூலம் ஒரு ஆர்டர் கொடுத்தேன். அது அவனைக் கட்டுப்படுத்த இல்லை. அடுத்த தடவை யாராவது வந்து நிற்கும்போது காட்டுவதற்கு அவன் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும் என்பதற்காக.

இப்போது நூலகத்தில் சேரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அட்டவணை போடுவதும் பார்கோடு ஒட்டுவதும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். ஒரு பொருளை யார் எந்த நம்பிக்கையில் நம்மிடம் கொடுத்தார் என்பதைப் பொருளோடு சேர்த்தே எழுதி வையுங்கள். முதல்வர் மாறுவார், நிர்வாகம் மாறும், நாமும் ரிட்டயர்டு ஆவோம். எழுதி வைக்காவிட்டால், மேடையில் யாருக்காவது பொன்னாடையோடு சேர்த்து அது போய்விடும். கட்டிடம் வேண்டுமா ஆவணம் வேண்டுமா என்று கேட்பார்கள். கூசாமல் ஆவணம் என்று சொல்லுங்கள். நான் சொன்னேன். கூரை என் காலம் முழுக்க ஒழுகியது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அந்த மெமோவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கடிதத்தோடு திரும்பிய சில நாளில் முதல்வர் அறையிலிருந்து டைப் அடித்து வந்தது. கல்லூரியின் மரியாதைக்குக் குந்தகம் விளைவித்தது, விருந்தினரின் இல்லத்துக்கு அனுமதி இல்லாமல் சென்றது என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் ஒரு கேள்வி: யாரைக் கேட்டு அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுத்து வந்தீர்கள்?

எழுதியவரின் மகளைக் கேட்டு, கூட அழைத்துச் சென்று எடுத்து வந்தேன் என்று பதில் எழுதினேன். அதன் கீழே, தாங்கள் யாரைக் கேட்டு வெட்டிக் கொடுத்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன் என்று இன்னொரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டு, நகலுக்கு அலுவலகத்தில் சீல் வாங்கிக்கொண்டேன். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அதற்குப் பதில் வரவில்லை.